மடக்கு சாரின் டம்ளர்

அந்தச் சாயத் தொழிற்சாலையின் மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் மடக்கு சார். வருடத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது, சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசிக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து எல்லார் முன்னிலையிலும் ஒரே மடக்கில் குடித்துக் காட்டுவார். "காலையில இது சாயத் தண்ணி. இப்ப குடிதண்ணி!" என்பார். வந்தவர்கள் கை தட்டுவார்கள்.

சுவருக்குப் பின்னால் ஒரு நீல டிரம் இருந்தது. அந்தக் குழாய் அதிலிருந்துதான் வந்தது. கடையில் வாங்கிய கேன் தண்ணீரை அதில் ஊற்றி வைப்பவள் டேங்க் அக்கா. ஒன்பது வருடமாக அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள். டிரம் சமாசாரம் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மற்ற நாட்களில் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார்கள் மின்சாரச் செலவுக்குப் பயந்து வாய்மூடிக் கிடக்கும். புகைபோக்கியின் வடிகட்டிக்கும் ஓய்வு. ஊதாவும் சிவப்புமாகக் கழிவு அப்படியே பின்பக்க வாய்க்காலில் இறங்கும். சோதனை நாளில் மட்டும் எல்லா எந்திரங்களும் சமர்த்தாக ஓடும்.

அக்காவின் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். கசடுத் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டி எடுக்கும் வேலை. முகமூடி கேட்டால் "அடுத்த மாசம்" என்பார்கள். எத்தனை அடுத்த மாதங்கள்! போன கோடையில் தொட்டிக்குள்ளேயே மயங்கி விழுந்தான். இப்போது மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறான்.

விசாரணை நடந்தது. மடக்கு சார், டம்ளரும் கையுமாக நிற்கும் தன் போட்டோவை எடுத்து நீட்டினார். "அந்தத் தண்ணியை நானே வருஷா வருஷம் குடிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? அவன் சிகரெட் பிடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டான்." சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவனைச் சொன்னார், பாவி. விசாரணை அன்றோடு முடிந்தது.

டம்ளரில் இருந்தது அக்கா ஊற்றிய தண்ணீர். தன் கையாலேயே புருஷன் தலையில் கல்லைப் போட்டோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் டிரம் காணாமல் போயிருக்கும். உண்மை அந்த ஆளின் வாயிலிருந்தே வரவேண்டும். கோபம் வந்துவிட்டால் அவருக்கு இடம் பொருள் ஏவல் தெரியாது. அது ஒன்றுதான் அவளுக்குத் துணை.

"வேண்டாம்டி, உன் வேலையும் போயிடும்" என்றான் கணவன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"போகட்டும். அந்த ஆள் நாலு பேர் முன்னாடி முழிக்கிறதை நான் பார்க்கணும்."

சோதனைக்கு வந்தவர் புதிய பெண் அதிகாரி. தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். குறிப்பெடுத்தார். எதற்கும் சிரிக்கவில்லை. கடைசிக் குழாயருகே வந்ததும் மடக்கு சார் தொண்டையைச் செருமிக்கொண்டு டம்ளரை நிரப்பினார். குழாய்ப் பக்கம் துணியோடு நின்ற அக்கா, துடைப்பதுபோல் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சார், இன்னிக்கு கேன் வரலை. தொட்டித் தண்ணியைத்தான் வடிகட்டி ஊத்தியிருக்கேன்."

உதட்டருகே போன டம்ளர் அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"குடிங்க சார். போன வருஷப் போட்டோ பார்த்தேன்" என்றார் அதிகாரி.

"அது வந்து... தொண்டை கொஞ்சம் கரகரப்பு."

"பரவாயில்லை, கொடுங்க. நான் குடிச்சுப் பார்க்கிறேன்."

அதிகாரி கை நீட்டினார். மடக்கு சார் டம்ளரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. அவ்வளவுதான், கோபம் தலைக்கேறிவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று அக்காமேல் பாய்ந்தார். "கேன் வரலைன்னா காலையிலேயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? டிரம்ல போய் தொட்டித் தண்ணியை ஊத்தி வெச்சிருக்கியே, குடிச்சு யாராவது செத்தா யார் பதில் சொல்றது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"எந்த டிரம்?" என்றார் அதிகாரி.

அக்கா மடக்கு சாரின் விரல்களிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"கேன் தண்ணிதான் சார். காலையிலேயே வந்துடுச்சு."

பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"வாங்கம்மா, டிரம்மைக் காட்டறேன். ஒன்பது வருஷமா அதுல தண்ணி ஊத்தினவ நான்தான். எழுதும்போது என்னையும் சேர்த்தே எழுதிக்குங்க."