மூடிய மேசை

ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் 'ஒழுங்கு'. பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறாள். மற்றவர்கள் லேப்டாப்பைத் திறந்தால் ஒரு திரை இருக்கும். அவளுடையதில் நான்கு. ஒரே கம்ப்யூட்டருக்குள் நான்கு டெஸ்க்டாப், ஒவ்வொன்றிலும் வேறு வேறு வேலை. மூன்று விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஒன்று போய் அடுத்தது வரும். அவள் அவற்றை மேசை என்றுதான் சொல்வாள். பெயரும் வைத்திருந்தாள். 'பக்கங்கள்', 'திருத்தம்', 'தபால்', கடைசியில் 'என்னுது'. பாங்க், கரண்ட் பில், கணவனோடு நாள் முழுக்க ஓடும் சாட் எல்லாம் அந்தக் கடைசி மேசையில்.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்களை வீடியோவில் பிடித்து உட்கார வைத்து, "ஒரே மேசையில எல்லாத்தையும் குமிச்சு வெச்சா மூளை எப்படிங்க ஓடும்? எதையும் மூடாதீங்க. எல்லாத்துக்கும் ஒரு மேசை போடுங்க. வேண்டாத நேரத்துல அந்தப் பக்கம் தள்ளி விடுங்க, அவ்வளவுதான்" என்பாள். அவளும் அப்படித்தான். புதிது புதிதாக மேசை போட்டிருக்கிறாளே தவிர, இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட மூடியதில்லை. அந்தப் பெருமைதான் பின்னால் அவள் காலை வாரிவிட்டது.

கம்ப்யூட்டருக்குள் நாலு மேசை போட்டவளுக்கு வீட்டுக்குள் ஒரு மேசை போட இடமில்லை. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஆள் திரும்ப முடியாத சமையலறை. முன்பு அவள் மேசை ஹாலில் ஜன்னலோரம் இருந்தது. அக்கா வந்த பிறகு ஹால் சோபா அக்காவுக்குப் படுக்கையானது; மேசை படுக்கையறையில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கட்டில் இடிக்கும். எழுந்திருக்க வேண்டுமென்றால் நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் வெளியே வர வேண்டும்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுன்ட்டரில் நின்றவள். இருபது வருஷத்துக்கு மேல் நின்றாள். தனி ஆள். கடையை மூடிவிட்டார்கள். "வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று இரண்டு பையோடு வந்தாள். மாதங்கள் ஓடிவிட்டன, பைகள் அதே சோபாவுக்குப் பின்னால் இருக்கின்றன. நின்று நின்று குதிகால் போய்விட்டது அவளுக்கு. வெறுங்காலோடு தரையில் நடக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள்ளும் மெத்துச் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடப்பாள். டப், டப் என்று அவள் வருவது முன்கூட்டியே தெரியும். தங்கை வேலையாக இருக்கிறாள் என்று கதவைக்கூடத் தட்ட மாட்டாள். வெந்நீர் பிளாஸ்கைச் சத்தமில்லாமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள். செருப்புச் சத்தத்தை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தங்கை முகத்துக்கு நேரே ஒரு சொல் சொன்னதில்லை. அந்த வகையில் அவள் உத்தமி. சொல்ல வேண்டியதையெல்லாம் நான்காவது மேசையில் கணவனிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் ஆள் கேட்டிருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் வேறு கிளையில் உட்கார்ந்திருப்பதால் வீடியோவில் பேசுவார். ஸ்க்ரீனை ஷேர் பண்ணச் சொல்லி, நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குகிற ஒரு சின்ன வேலையைச் செய்து காட்டச் சொல்வார்.

அக்காவைவிடத் தங்கைக்குத்தான் பரபரப்பு. தன் லேப்டாப்பையே கொடுத்தாள். அக்காவுக்கென்று இரண்டு மேசை புதிதாகப் போட்டாள். 'பேச்சு' என்பதில் வீடியோ. 'வேலை' என்பதில் நேரம் ஒதுக்குகிற அட்டவணை.

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போறதுக்கு மூணு விரல். எல்லா மேசையையும் ஒண்ணாப் பாக்கணும்னா மேல தள்ளு. எதாவது குறுக்க வந்துச்சுன்னா பதறாத. அது மேல ரைட் கிளிக் பண்ணி வேற மேசைக்கு நகர்த்திடு. மூடிட்டுக் கிடக்காத."

"வீட்ல இருக்கற ஒரு மேசையைத் துடைக்கவே எனக்கு நேரம் பத்தல. உனக்கு எத்தனைடி!" என்று அக்கா சிரித்தாள். ஆனால் கற்றுக்கொண்டாள். வேலை முடிந்து லேப்டாப் சும்மா இருக்கும்போதெல்லாம் வந்து உட்கார்ந்து பழகினாள். பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும், "வணக்கம் மேடம், நான் வந்து..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் வந்தது. தங்கை ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தன் மேசைகளையெல்லாம் ஒதுக்கினாள். 'என்னுது'வைப் பிடித்து இழுத்துக் கடைசி ஓரத்தில், 'வேலை'க்கு அடுத்ததாக வைத்தாள். வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. அக்கா பதற்றத்தில் ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளிவிட்டால்? நேரமாகிவிட்டது. அக்கா தலைவாரிக்கொண்டு வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேசையையே மொத்தமாக மூடினாள். 'என்னுது'வின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை ஒரு அழுத்து. மேசை காணாமல் போயிற்று.

"உக்காருக்கா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

காமிராவில் விழாத தூரத்தில், கட்டில் விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்தாள். திரை அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அக்கா அருமையாகப் பேசினாள். மேனேஜர் அம்மா கண்டிப்பான முகக்காரி. அவரே இரண்டு முறை சிரித்தார். கண்ணாடிக் கடையில் கோபக்காரர்களை எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டதற்கு, "முதல்ல உக்கார வெப்பேன் மேடம். உக்காந்துட்டா பாதி கோபம் போயிடும்" என்றாள். தங்கைக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஹால் ஜன்னலோரம் தன் மேசை திரும்பப் போய் நிற்பதுவரை மனதில் பார்த்துவிட்டாள்.

"சரிம்மா, இப்ப ஸ்க்ரீனை ஷேர் பண்ணுங்க. அந்த அட்டவணையைத் திறங்க."

அக்கா ஷேர் பண்ணினாள். மூன்று விரலை வைத்துத் தள்ளினாள். 'வேலை' வந்தது.

அட்டவணை தெரியவில்லை. அதன் மேல் சாட் விரிந்து கிடந்தது. வேலைக்கு நடுவே ஓரக்கண்ணால் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள் மகராசி.

மேசையை மூடினால் அதில் இருப்பவை மூடிக்கொள்வதில்லை. எல்லாம் எழுந்து பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு இது தெரியாது. ஒன்றை மூடிப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

'காலங்காத்தால செருப்பு ஆரம்பிச்சாச்சு. டப் டப் டப். தலை வெடிக்குது.'

'பொறுத்துக்கோ' என்று கணவன்.

'வணக்கம் மேடம் வணக்கம் மேடம்னு நாள் பூரா கிளிப்பிள்ளை மாதிரி. இவளை எவன் வேலைக்கு எடுப்பான்?'

'எடுக்கணும். எடுத்தாதான் நமக்கு ஹால்.'

'எந்த வேலையா இருந்தா என்ன, கிளம்பினா போதும்.'

அக்காவுக்கு எதையும் உதட்டை அசைத்துப் படிக்கிற பழக்கம். அந்த உதடுகள் அசைந்தன. டப் டப் டப் என்ற இடத்தில் அவை மூன்று முறை மூடித் திறந்ததைத் தங்கை பார்த்தாள். கையை நீட்டி லேப்டாப்பைப் பட்டென்று சாத்திவிடலாம். சாத்தினால் வேலை போய்விடும். கட்டில் விரிப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதுவரை சுட்டது. செத்துப்போனால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது, பொய்யில்லை.

அந்த நேரம் பார்த்து டிங் என்றது. கணவன்தான். 'என்னாச்சு? ஹால் கிடைச்சுதா?'

"அம்மா... அது என்ன..." என்றார் மேனேஜர்.

"மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றாள் அக்கா. "இது வேற வேலை. ஒரு நிமிஷம், அந்தப் பக்கம் வெச்சிடறேன்."

மேலே தள்ளினாள். எல்லா மேசைகளும் சின்னச் சின்னதாக வரிசையில் நின்றன. சாட் மேல் ரைட் கிளிக். சொல்லிக் கொடுத்தபடியே, தப்பில்லாமல், அதை 'பக்கங்கள்' மேசைக்கு நகர்த்தினாள். பாங்க், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அனுப்பினாள். அட்டவணை சுத்தமாகத் தெரிந்தது. ஒருவருக்குப் பல் பிடுங்க, ஒருவருக்குக் கம்பி மாற்ற, வர முடியாதென்று சொன்ன ஒருவருக்கு வேறு நாள். நேரங்கள் ஒன்றுகூட மோதவில்லை.

முடிந்ததும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க கவுன்ட்டர்ல தினம் யாராவது வலியில கத்துவாங்க. பதறாம இருக்கற ஆள்தான் வேணும். நாளன்னிக்கே சேர முடியுமா? தங்கறதுக்கு மேல ஒரு ரூம் இருக்கு."

"முடியும் மேடம்."

"கேக்கக் கூடாதுதான். அதை எழுதினது யாரும்மா?"

"என் தங்கச்சி மேடம். நல்லவ. இந்த மேசை வைக்கறதெல்லாம் அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா."

அந்த 'நல்லவ'வைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைவிட, நாலு பேர் முன்னால் செருப்படி வாங்கியிருக்கலாம்.

வீடியோ அணைந்தது. அக்கா உடனே எழுந்திருக்கவில்லை.

"அக்கா... அது வந்து..."

"தண்ணி குடி. முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"என்னைத் திட்டேன்க்கா. நாலு அறை வேணா அறை."

"எதுக்கு? வீடு சின்னது. எனக்குத் தெரியாதா?" அக்கா திரையைப் பார்த்தபடியே பேசினாள். "கிளிப்பிள்ளைன்னு எழுதியிருந்தியே, அது மட்டும் கொஞ்சம் வலிச்சுது. நீ கேட்டுட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருக்குன்னு நெனச்சு சொல்லிப் பாத்துட்டிருந்தேன்."

"மறந்துடுக்கா."

"நீதானே சொன்ன, எதையும் மூட வேண்டாம், தள்ளி வைன்னு. தள்ளி வெச்சிருக்கேன். போதும் விடு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைக் கேட்ட கணவன் ஆளில்லாத இடம் தேடிக் குளியலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அவனுக்கு அது இருந்தது. இவளுக்கு ஒளிய ஓர் இடமும் இல்லை. அடுத்த நாள் முழுக்க அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றிருந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "நாளைக்குப் பூரா மீட்டிங் எனக்கு. கதவை சாத்திட்டு உக்காந்துடுவேன்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி வைத்தாள்.

"சரிடி" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். 'பக்கங்கள்' மேசையில், மூன்றாம் வகுப்புப் பாடத்தின் மேல், சாட் உட்கார்ந்திருந்தது. அக்கா நகர்த்திய இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு வரியாக அழித்தாள். அழித்து முடித்தும் எழுத்துகள் கண்ணுக்குள்ளேயே நின்றன. மீட்டிங் எதுவும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாகமெடுத்தது. திரும்பினால் மேசை ஓரத்தில் பிளாஸ்க் இருந்தது. தொட்டுப் பார்த்தாள், நல்ல சூடு. எப்போது வந்து வைத்தாள்? கதவு திறந்ததுகூடத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கேட்டாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்தே இல்லை.

ஒருக்களித்து வெளியே வந்தாள். அக்கா சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் அடியெடுத்து வைத்து. வெறும் டைல்ஸ் தரை. உதட்டைக் கடித்திருந்தாள்.

"அக்கா, செருப்பு எங்க?"

அக்கா பதறிப்போய் விரலை வாயில் வைத்தாள். "மீட்டிங்ல இருக்கியேடி, கதவைத் திறந்து வெச்சுட்டு வர்ற" என்று கிசுகிசுத்தாள். "பைக்குள்ள வெச்சுட்டேன். ஒரு நாள்தானே."

தங்கை சோபாவுக்குப் பின்னால் போய்ப் பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றியிருந்த செருப்பை எடுத்து வந்தாள். அக்காவின் காலடியில் உட்கார்ந்து வைத்தாள். தலையை நிமிர்த்த முடியவில்லை.

"மீட்டிங் இல்லக்கா. உன் முகத்தைப் பாக்கறதுக்கு பயந்துட்டு பொய் சொன்னேன்."

அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கால், பிறகு இன்னொரு கால் என்று போட்டுக்கொண்டாள். காய்ந்த துணியை அலமாரியில் வைக்க எடுத்துக்கொண்டு நடந்தாள். டப், டப். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தங்கைக்கு மூச்சு வந்தது.

படுக்கையறை வாசல் வந்தது. அக்கா நின்றாள். யாரும் சொல்லாமலே, யோசிக்காமலே, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.