பாட்டிக்கு எண்பது

அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவள் பாட்டி. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட சிவப்புப் பேனாவால் திருத்தாமல் விடமாட்டாள்.

அவளுடைய மரண அறிவிப்பே இப்போது புரூஃபாக வந்திருந்தது. பேத்தி அதே பேனாவோடு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பிழையே இல்லை. 'வயது 84' என்ற இடத்தில் மட்டும் கை நின்றது.

"இந்த வயசை யாரு மாமா கொடுத்தது?"

"நான்தான். சர்டிபிகேட்டைப் பாத்துத்தான் கொடுத்தேன். சரியாத்தானே இருக்கு?"

சரிதான். ஆனால் பாட்டி டாக்டரிடம்கூட நாலு வயதைக் குறைத்துத்தான் சொல்வாள். பேத்தி அதை அடித்துவிட்டு 80 என்று எழுதினாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன மாசம் நர்ஸ்கிட்ட எழுபத்தெட்டுன்னு சொன்னா எங்கம்மா. அதையே போட்டுடு."