பலகை நடை

லாரி மோதிப் பதினோரு மாதம் கழித்துக் கடப்பாறை மறுபடி கிடங்குக்கு வந்தான். கடப்பாறை என்பது சுமைகூலி ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர். இப்போது இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. மோதியவன் நிற்காமலே போய்விட்டான். ஆஸ்பத்திரிச் செலவு தையல் மிஷினை விழுங்கியது; மனைவியை மூன்று வீட்டுப் பாத்திரங்களுக்கு அனுப்பியது. இன்று வேலை இல்லையென்றால் பத்தாவது படிக்கும் மகளும் அம்மாவோடு போக வேண்டியதுதான். மனைவி கிடங்கு வாசலிலேயே நின்றாள்.

மூட்டை ஒரு பொருட்டில்லை. ஐம்பது கிலோவை முதுகில் வாங்கி அசையாமல் நின்றான். வம்பெல்லாம் பலகையில். தரையிலிருந்து லாரிக்குச் சாய்த்த நீளப் பலகை. எந்நேரமும் அதில் மூன்று பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே சீராக அடி வைத்தால் சொன்னபடி கேட்கும். ஒருவன் பிசகினால் துள்ளும். அவன் நாலடி வைத்ததுமே துள்ளியது. பின்னால் வந்த மச்சான், மனைவியின் தம்பி, மூட்டையைக் கீழே விட்டுப் பலகையைக் கட்டிக்கொண்டான்.

மேஸ்திரி மூஞ்சிக்கு நேராகவே சொன்னார்.

“சுமக்கிறே, இல்லேங்கல. ஆனா உன் கால் இன்னொருத்தன் காலையும் வாங்கிடும்டா. வேணாம்.”

மச்சான் மூட்டையை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டான்.

“மாமா, நீ உன் இஷ்டத்துக்கு நொண்டு. மீதிய நான் பாத்துக்கிறேன்.”

கடப்பாறை ஏறினான். அவன் இடப்பக்கம் தாழும்போதெல்லாம் மச்சானும் தாழ்ந்தான். அடுத்தவனும் பிடித்துக்கொண்டான். ஒரு நெட்டை அடி, ஒரு குட்டை அடி. பலகை அடங்கிப் போயிற்று. பத்தாவது நடைக்குள் வரிசை முழுக்க நொண்டிக்கொண்டிருந்தது.

லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, மொத்த கும்பல் மேலேயும் வண்டி ஏறிவிட்டதா என்று விசாரித்தான். மேஸ்திரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“நாளைக்கும் இதே நடைதான். எவனாவது நேரா நடந்தான், கூலி கிடையாது.”

வாசலில் நின்றவள் அதன்பிறகுதான் பாத்திரம் கழுவப் போனாள். மூன்று வீட்டில் ஒன்றில், இனி வரமாட்டேன் என்று சொல்லியும் விட்டாள்.

சாயங்காலம் கடப்பாறையும் மச்சானும் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி சமதரையிலும் நொண்டியபடி வந்ததைப் பார்த்தவள் இடுப்பில் கை வைத்தாள்.

“ஒரு காலுக்கே பதினோரு மாசம் ஆச்சு. உனக்கு எவ வைத்தியம் பாக்குறது? ஒழுங்கா நடடா.”

மகள் உள்ளேயிருந்து சிரித்தாள். நாளைக்கான புத்தகங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.