பலாவுக்கு வந்த ஃபெலிக்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு லத்தீன் உரிச்சொல் எங்கள் தாவரப் பூங்காவுக்கு வேலை கேட்டு வந்தது. மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் நான் என்பதால் என்னிடம் அனுப்பினார்கள். பெயர்ச்சொல் துணையில்லாமல் அதனால் அதிக நேரம் நிற்க முடியாது. என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கண்காணிப்பாளர் ஜெசிந்தா மேடம் படிவத்தை எடுத்தார்.

"பெயர்?"

"ஃபெலிக்ஸ்."

"ஆணா, பெண்ணா?"

"எங்களுக்குப் பால் மூன்று, மேடம். எழுவாயாக நிற்கும்போது மூன்றுக்கும் ஃபெலிக்ஸ்தான். 'உடைய' சேர்ந்தால் ஃபெலிகிஸ். பலர் என்றால் ஃபெலிகேஸ்."

"பொருள்?"

"இப்போது 'மகிழ்ச்சியான' என்கிறார்கள். அதற்கு முன்னால் 'அதிர்ஷ்டமுள்ள'. என் வேர் பாலூட்டுவதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் காய்க்கிற மரத்தை ஃபெலிக்ஸ் என்பார்கள்."

மேடம் என்னைப் பார்த்தார். பதினான்கு வருடமாகக் காய்க்காத பலா ஒன்றை அந்த வெள்ளிக்கிழமை வெட்டுவதாக இருந்தது. அதை நட்டவள் என் மனைவி சுகிர்தா. இங்கேதான் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாள். உத்தரவு வந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அந்தப் பலாகிட்ட ஒரு இடம் இருக்கு," என்றார் மேடம்.

ஃபெலிக்ஸ் தயங்கியது. "காய்க்காத மரத்தோடு நின்றால் நான் பொய்யாகிவிடுவேன். அகராதியிலிருந்து எடுத்துவிடுவார்கள்."

கையில் மண்ணோடு சுகிர்தா வாசலில் நின்றாள். "காய்க்காத மரம்னு யாரு சொன்னது? இன்னும் காய்க்கலை. அவ்வளவுதான்."

"'இன்னும்' என்பது என்ன வகைச் சொல்?"

"அதெல்லாம் தெரியாதுங்க. தினமும் சொல்லுவேன்."

ஃபெலிக்ஸ் சற்று யோசித்தது. பிறகு அவளோடு நடந்தது.

பலகையில் நான் 'பலா' என்று எழுத, அதன் பின்னால் போய் நின்றுகொண்டது. புதன்கிழமை 'ஃபெலிகியோர்' ஆனது. இன்னும் அதிகம் என்று பொருளாம். வியாழக்கிழமை 'ஃபெலிகிஸ்ஸிமா', எல்லாவற்றிலும் அதிகம். லத்தீனில் மரம் பெண்பால் என்பதால் முடிவில் 'மா'. பலகை போதாமல் இன்னொரு துண்டு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் ரம்பத்தோடு வந்தபோது அடிமரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பிஞ்சு. சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, தொட்டுப் பாருங்க. முள்ளு குத்துது," என்று சிரித்தாள்.

மேடம் பலகையை இரண்டு முறை படித்தார். பிழை இல்லை. மரத்தை விட்டுவிடச் சொன்னார்.

ஆட்கள் தங்கள் உத்தரவைக் காட்டினார்கள். 'வெள்ளிக்கிழமை வெட்டவும்' என்று மட்டும் இருந்தது. அதனால் அவர்கள் வெள்ளிக்கிழமையை நீளவாக்கில் அளந்து, அறுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் கை கழுவிவிட்டு, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டைப் பிரித்தோம்.