தைலம்மாள் தலையில் அடித்த சத்தியம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ மலர் ஒன்றுக்குச் சர்க்கரை நோய் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். ‘கணையம் என்பது வயிற்றின் பின்புறம்…’ (இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்; எனக்கே கொட்டாவி வருகிறது.) அதற்குள் சங்கராபுரத்துப் பக்கத்து வேடியப்பன் கதையாக என் தாளில் வந்து உட்கார்ந்துவிட்டார். கரும்பு விவசாயி, உடம்பிலும் சர்க்கரை. கட்டுரை போயே போச்சு.

2

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டு மறியல். வேடியப்பன் முதல் வரிசை. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார். போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இவருக்கு வேறு கணக்கு.

“மாத்திரையும் போட்டாச்சு, சோறும் துன்னல. ரெண்டு பக்கமும் அடிச்சா சக்கர எங்க போவும்?” என்று கூட்டாளி தங்கதுரையிடம் பெருமையடித்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மாத்திரை சர்க்கரையை இறக்கும். வயிறு காலியென்றால் இறக்கிக்கொண்டே போகும். மலருக்கு நான் எழுத வேண்டியிருந்தது இவ்வளவுதான்.)

3

உச்சி வெயிலில் அவருக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. சாராயத்துக்குப் பேர்போன கல்வராயன் மலைக்குக் கீழே ஒருவர் தள்ளாடினால் யாரும் கணையத்தை நினைப்பதில்லை.

“மலைச் சரக்கு போட்டுக்கினு வந்துட்டான் பாரு. நெழல்ல படுக்க வைங்க, தூங்கி எழுந்தா தெளிஞ்சுடும்,” என்றார் தங்கதுரை.

தூங்கவிட்டால் வேடியப்பன் எழுந்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். கஞ்சித் தூக்கோடு அப்போதுதான் நடந்து வந்த அவர் மனைவி தைலம்மாளுக்கும் தெரியும், நர்ஸ் சொல்லியிருந்தார். அவள் அவர் வாயை மோந்து பார்த்தாள்.

“சாராயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சக்கர எறங்கிக்கினு போவுது. சக்கரத் தண்ணி குடுங்க.”

சாலையோர டீக்கடைக்காரர் ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தார். வேடியப்பன் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

4

காரணம் இருந்தது. போன வாரம் ஜிலேபியோடு பிடிபட்டபோது, இனி இனிப்பைத் தொட்டால் அவள் உயிருக்கே ஆகாது என்று தைலம்மாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். வாழ்நாளில் அவர் மீறாத ஒரே சத்தியம் இதுதான். நினைவு தப்புகிற நேரத்திலும் மனுஷன் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

(முதல் முடிவு: ஆம்புலன்ஸ் வருகிறது. எப்படி வரும்? மரத்தை வெட்டிப் போட்டதே இவர்தானே. இரண்டாவது: தங்கதுரை இவர் மூக்கைப் பிடித்து ஊற்றுகிறார். புரையேறி இவர் போய்ச்சேர்ந்துவிடுவார், எழுதியதை அடித்துவிட்டேன்.)

5

“நான் செத்தா செத்துட்டுப் போறேன். வாயத் தொறங்க,” என்றாள் தைலம்மாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் அவர் இருந்ததே இல்லை. இப்போதும் விடவில்லை.

“நீ இன்னாத்துக்குடி சாவணும்?” என்று கேட்க வாயைத் திறந்தார்.

அவள் டம்ளரைச் சாய்த்தாள். ஒரு மடக்கு இப்போது அவர் வாய்க்குள் இருக்கிறது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அவள் நிஜமாகவே செத்துப்போகிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. வாசகரே, நீங்கள்தான் முடிக்க வேண்டும். ரொம்ப யோசிக்காதீர்கள், அவருக்கு அவ்வளவு நேரமில்லை.