பிரான்ஸ் கெலிக்கட்டும்

“ஏழாவது எடம்னா கேவலமா இன்னா? நூத்தி எம்பது பேருக்கு மேல கெளம்புனானுங்கோ. அதுல ஏழாவது.”

“போன வருஷம் பதிமூணு அங்கிள். அதுக்கு முந்தின வருஷம் ஒன்பது.”

“அத்ததான் நைனா நானும் சொல்றேன். பதிமூணுலேர்ந்து ஏழு. இப்டியே எறங்கிகினே வந்தா அடுத்த வருசம் எங்க வந்து நிக்கும், கணக்கு போட்டுக்கோ.”

“ஒன்பதுலேர்ந்து பதிமூணுக்குப் போனதையும் அந்தக் கணக்குல சேக்கணும்ல.”

“நீ பக்கெட்டு விக்கிறவன். ஒனக்கு ஓட்ட மட்டும்தான் கண்ல படும்.”

சொன்னவர் யேசுதாஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வீடு. பக்கெட் விற்கிறவன் நான். பெயர் சுயம்பு. யானைக்கவுனியில் என் அப்பா ஆறுமுகநயினார் நடத்தும் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில், கல்லாவுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பிரான்ஸ் நாட்டில் மூன்று வாரம் மலையும் சமவெளியுமாக நடக்கும் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி. அது முந்தின நாள்தான் பாரிஸில் முடிந்திருந்தது. வழக்கம்போல வேறு நாட்டுக்காரர் ஜெயித்திருந்தார். சொந்த நாட்டுக்காரர் ஒருவர் அதில் கடைசியாக ஜெயித்து நாற்பது வருடம் ஆகிறது.

இதில் எனக்கு என்ன வந்தது என்றால், பிரான்ஸ் ஜெயித்தால்தான் எனக்குக் கல்யாணம்.

மெர்லின் யேசுதாஸின் மகள். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள். அலுவலகத்துக்கு வாங்கிய குப்பைத் தொட்டிகளுக்கு மூடி சேரவில்லை என்று சண்டை போட எங்கள் கடைக்கு வந்தவள். மூடிகளை மாற்றித் தர நானே எண்ணூர் வரை போனேன். முதல் தடவை தவறான அளவைக் கொண்டுபோனது தற்செயல். இரண்டாவது தடவை தற்செயல் இல்லை. நாலாவது தடவை அவள், இனிமேல் மூடி இல்லாமலே வந்துவிடு என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாலை அவள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டேன். எதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். நீ கோயிலுக்குப் போகிறவன், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றால் இன்னதைச் சொல்வது. உன் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்றால் பேச்சை மாற்றுவது. யேசுதாஸ் எதையும் கேட்கவில்லை. டிவியில் மழைத்துளி அப்பிய ஒரு மலைப்பாதையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் கூட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“பிரான்ஸ் கெலிக்கட்டும் நைனா. அப்பால பேசலாம்.”

கெலிப்பது என்றால் அந்தப் பக்கம் ஜெயிப்பது. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. நான் பிரான்ஸை மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டும் பார்த்தவன். அங்கே எப்போதும் மழை தூறும், சூப் ஆறிக்கொண்டிருக்கும், யாராவது ஒருவர் ஜன்னலோரம் நின்று யாருக்காவது காத்திருப்பார். இனி அந்த ஜன்னலோரத்தில் நானும் நிற்கலாம். மலை, மழை, முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை, கடைசியில் ஒரு கல்யாணம். படி இறங்கும்போது மெர்லினிடம் இதைச் சொன்னேன். அவள் என்னை ஓட்டை பக்கெட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் குடியிருப்பில் அதற்கு ‘ஒருக்காலும் நடக்காது’ என்று அர்த்தம். யேசுதாஸின் நாற்பது வருட நம்பிக்கையைப் பார்த்துப் பார்த்து மொத்தக் கட்டடமும் அதைத் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரி ஃப்ளோரன்ஸிடம் ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பிரான்ஸ் கெலிக்கட்டும் என்பாள். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் எபினேசரிடம் தண்ணீர் மோட்டாரை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டால் அவரும் அதையே சொல்வார். மூன்றாவது மாடி வியாகுலம்மாள், மருமகள் கையால் மீன் குழம்பு சாப்பிடுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பிரான்ஸைத்தான் இழுப்பாள்.

அந்த ஜூலை முழுக்க யேசுதாஸ் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு எனக்கு வேறொன்றும் தெரிந்தது. கட்டடத்தில் அந்த வார்த்தையை அர்த்தம் மாற்றாமல் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். அவர் என்னை மறுக்கவில்லை. நிஜமாகவே காத்திருக்கச் சொன்னார்.

எண்பத்தைந்தில் அவர் துறைமுகத்தில் தினக்கூலி. பத்தொன்பது வயசு. பெர்த் கிடைக்காமல் வெளியே கிடந்து கடைசியில் துறைக்குள் வந்து நின்ற ஒரு பிரெஞ்சு சரக்குக் கப்பலில் மூட்டை இறக்கப் போயிருக்கிறார். மேல்தளத்தில் கப்பல்காரர்கள் ஒரு ரேடியோவைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் ஆள் ஜெயித்ததும் கப்பல் சமையல்காரர் இவரைக் கட்டிப்பிடித்து, நுரைக்கிற ஒயினை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, அடுத்த வருடமும் வா, அடுத்த வருடமும் ஜெயிப்போம் என்று கையால் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் கப்பலும் வரவில்லை, வெற்றியும் வரவில்லை. யேசுதாஸ் மட்டும் வந்து நின்றார்.

தோல்விகளை அவர் சிலுவைப்பாதை மாதிரி ஒவ்வொரு ஸ்தலமாக நின்று சொல்வார். எண்பத்தொன்பதில் மூன்று வாரம் ஓட்டிவிட்டுக் கடைசி நாளில் எட்டே செகண்டில் தோற்றது ஒரு ஸ்தலம். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒருவர் பதினாலு நாள் மஞ்சள் சட்டையோடு ஓட்டி, இதோ பாரிஸ் என்னும்போது மலையில் ஆலங்கட்டி மழை பெய்து, பந்தயத்தைப் பாதியில் நிறுத்தி, சட்டை கைமாறியது இன்னொன்று. அதற்குக் காரணம் தான்தான் என்று யேசுதாஸ் நம்புகிறார். அன்றைக்கு அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து கல்மண்டபத்தில் டீ குடிக்கப் போனாராம். அதன் பிறகு, பிரெஞ்சுக்காரர் முன்னால் போனால் இவர் உட்கார்ந்தே இருப்பதா, எழுந்து போய்விடுவதா என்பதில் வருடத்துக்கு ஒரு கொள்கை.

மலையேறுவது என்றால் என்னவென்று புரியாமல் தோல்வியை விமர்சிக்கக் கூடாது என்று ஒரு நாள் என்னை வாடகை சைக்கிளில் மேம்பாலம் ஏறச் சொன்னார். வடசென்னையில் மலை என்றால் மேம்பாலம்தான். பாதி ஏறும்போது ஐஸ் பெட்டிகள் ஏற்றி மிதித்து ஓட்டும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் ஒரு கையால் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உச்சியில் யேசுதாஸ் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்து, பிரெஞ்சுக்காரன் மாதிரியே ஓட்டுகிறாய் என்று தோளைத் தட்டினார். பாராட்டாகத்தான் சொன்னார்.

இப்படி மூன்று ஜூலை போனது. ஏழாவது இடத்தைப் பற்றி நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த அந்தத் திங்கள்கிழமை மாலைதான் மெர்லினுக்குப் பொறுமை போனது.

“ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு? பேசாம நீயே அவரக் கட்டிக்கோ.”

சொல்லிவிட்டுக் கோபத்தில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். இதே பந்தயம் பெண்களுக்கும் நடக்கிறது. சனிக்கிழமையே தொடங்கிவிட்டது. ஒன்பது நாள். இதே மஞ்சள் சட்டை. நாற்பது வருடம் பிரான்ஸின் பின்னால் போன மனிதருக்கும், மூன்று ஜூலை அவர் பின்னால் போன எனக்கும் இது தெரியாது. யேசுதாஸ் கொஞ்சம் கூசிப்போனார். பிறகு சமாளித்துக்கொண்டு, ஒன்பது நாள் என்றால் அது அரை டிக்கெட் என்றார்.

“அவங்க ஏறுறதுக்குன்னு மலைய பாதியா வெட்டி வச்சிருக்காங்களா டாடி?”

யேசுதாஸ் ரிமோட் மகள் கையில் இருப்பதால்தான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பார்த்தார். புதன்கிழமை கடையில் வாளி எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்கு போன் செய்து, நம்ம பிரான்ஸ் பொண்ணு ஒண்ணு முன்வரிசையிலேயே கீது என்றார். வியாழக்கிழமை அந்தப் பெண் மலைச் சைக்கிள் ஓட்டியவள் என்றும், இப்போதைக்குப் பதுங்குகிறாள் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை குரலைத் தாழ்த்தி, இனிமேல் போனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், கண் பட்டுவிடும் என்றார்.

சனிக்கிழமை பெரிய மலை. அந்தப் பெண் மேல்பாதியில் எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். யேசுதாஸ் உடனே எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். உள்ளே மெர்லினின் அம்மா ஜானட் நெத்திலியைக் கிள்ளியபடி எங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பந்தயம் தெரியாது. ஆனால் ஒரு மனுஷி தனியாகப் போவது தெரியும். இன்னும் தனியாகத்தான் போகிறாள், யாரும் கூட வரவில்லை, வாயைத் திறந்துகொண்டு மிதிக்கிறாள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லையா என்று வரிசையாகச் சொன்னார். பிறகு, கையைத் தூக்கிவிட்டாள் என்றார். மஞ்சள் சட்டை பிரான்ஸுக்கு வந்தது.

யேசுதாஸ் அன்று கொண்டாடவில்லை. மஞ்சள் சட்டை வந்த மறுநாளே அது போனதை எத்தனையோ தடவை பார்த்தவர். ஞாயிறு காலைப் பூசையில் புனித ராயப்பர் சொரூபத்துக்கு முன்னால் நீளமான மெழுகுவர்த்தியாகப் பார்த்து ஏற்றினார். எதற்கு என்று ஜானட் கேட்டதற்குத் தண்ணீர் மோட்டாருக்காக என்றார்.

அன்று கடைசி மலையில் அந்தப் பெண் மஞ்சள் சட்டையோடு மறுபடியும் தனியாகக் கிளம்பினாள். நாங்கள் மறுபடியும் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றோம். ஜானட் குழம்பைக் கிண்டிக்கொண்டே உள்ளிருந்து சொன்னார். ஒரு கட்டத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. கரண்டிச் சத்தமும் நின்றது. யேசுதாஸ் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கிரேன் லீவரைப் பிடித்த கை. எனக்கு உயிர் போனது.

“தாண்டிட்டா டாடி,” என்றாள் மெர்லின் உள்ளே இருந்து. “கெலிச்சிட்டா.”

யேசுதாஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே தெருவரைக்கும் கேட்கிற மாதிரி, பிரான்ஸ் கெலிச்சிருச்சு என்று கத்தினார். மறுபடி கத்தினார். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. அறுபதை நெருங்கும் மனிதர் என் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் என்ன கத்தினார் என்பது அவருக்குப் புரிவதற்கு முன் கட்டடத்துக்குப் புரிந்துவிட்டது. கதவுகள் திறந்தன. முதலில் படியேறி வந்தவர் எபினேசர், யார் ஜெயித்தது, சரியாகப் பார்த்தீர்களா என்று விசாரிக்க. அவர் பின்னாலேயே ஒன்றாம் மாடிக்காரர்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஃப்ளோரன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டாள் என்றும், உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றும் தகவல் வந்தது. வியாகுலம்மாள் மேலிருந்து இறங்கி, பொம்பளைங்க கெலிச்சா கணக்கா என்று யேசுதாஸிடம் கேட்டாள். அவள் முடிப்பதற்குள் மருமகள் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு பின்னால் வந்து நின்றாள். குழம்பு ஆவி பறந்தது.

யேசுதாஸ் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். அரை டிக்கெட் என்று அவர் நினைத்திருந்தால் அதைச் சொல்ல அதுதான் சமயம்.

“அவ இன்னா பாதி மலையா ஏறுனா?” என்றார் வியாகுலம்மாளிடம். “கணக்குதான். துன்னு.”

அப்புறம் என் பக்கம் திரும்பினார். மெர்லின் வாசலில் வந்து நின்றாள். இரண்டு வருடமாக இந்த நிமிஷத்தை நான் விதவிதமாகக் கற்பனை செய்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மழை தூறும்.

“நம்ம பக்கம் முடிஞ்சிச்சு நைனா,” என்றார் யேசுதாஸ். “பொண்ணு ஒனக்குத்தான். ஒங்க வூட்ல இன்னா சொல்றாங்கோ?”

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் வீட்டில் ஒன்றும் தெரியாது. பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்த வரைக்கும் என் அப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. ஒவ்வொரு பிரெஞ்சுக்காரரும் மலையில் பின்தங்கும்போது யேசுதாஸோடு சேர்ந்து நானும் பெருமூச்சு விட்டேன். அதில் பாதி நிம்மதி என்று அந்த வராந்தாவில்தான் எனக்கே தெரிந்தது.

என் முகத்தைப் பார்த்து மெர்லினுக்கும் தெரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. என் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, என் விரலையே பிடித்து வைத்துத் திறந்து, அப்பா என்ற பெயரைத் தொட்டு, என் காதில் வைத்தாள். மணி அடித்தது. வராந்தாவில் மோட்டார் பேச்சு நின்றது. வியாகுலம்மாள்கூட முதல் கவளத்தை வாயருகே நிறுத்தினாள்.

“எங்கல கெடக்க?” என்றார் அப்பா. “சோறு ஆறுது. ஒனக்காக ரெண்டு பேரும் சாப்பிடாம உக்காந்திருக்கோம்.”

யேசுதாஸ் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“அப்பா,” என்றேன், “சாப்பிடாம அப்டியே இருங்க, இங்க வந்து சாப்பிடலாம். அம்மாவக் கூட்டிட்டு ராயபுரம் வரைக்கும் ஒரு தடவ வர முடியுமா?”