பெக்கி மிதிக்காத செடி

...மாட்டேன் என்றால் மாட்டேன்தான், இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, லோன்சோ மேழியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹோ ஹோ என்கிறான், பெக்கி இரண்டு எட்டு நேராக வைக்கிறாள், மூன்றாவது எட்டில் பருத்திச் செடி முழங்காலில் உரசியதும் நைசாக நகர்ந்து சாலுக்குள் இறங்கிவிடுகிறாள், கலப்பையும் அவள் பின்னாலேயே சாலுக்குள் சரிகிறது, செடி நின்ற இடத்திலேயே நிற்கிறது, இடுப்பு உயரத்துக்கு, பூவும் பிஞ்சும் காயுமாக, இந்த வருஷம் பார்த்தா காயைத் துளைக்கிற கூன்வண்டு எங்களை மறந்துபோக வேண்டும்... மறுபடி வரிசையின் தலைக்குக் கொண்டுவருகிறான், மறுபடி இரண்டு எட்டு, மறுபடி சால். விடிந்ததிலிருந்து இதே கூத்துதான். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா, பிறந்ததிலிருந்து செடியை மிதிக்காதே என்று சொல்லி வளர்த்த கோவேறு கழுதை அவள், இன்றைக்குக் காலையில் திடீரென்று செடியின் மேலேயே நட என்றால் எஜமானனுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கமாட்டாளா, காதைப் பின்னால் மடித்து அவனைத் திரும்பிப் பார்க்கிறாள், அந்தப் பார்வை எனக்குத் தெரியும், கல்யாணமாகி எத்தனையோ தடவை நானே அவனை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

நாளைக்குச் சர்க்கார் ஆள் டோலிவர் ஐயா வந்து பார்ப்பார். கிழக்குப் பக்கம் குச்சி நட்டுவிட்டுப் போன நாலு ஏக்கரும் மண்ணுக்குள் போயிருந்தால்தான் சர்க்கார் பணம், ஒரு வரிசை நின்றாலும் கையெழுத்துப் போடமாட்டாராம். போன மாதம் சர்ச்சில் எங்களை எல்லாம் உட்காரவைத்து அவர்தான் விளக்கினார், கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, லோன்சோவைவிடப் பத்து வயது சின்னவர், இருந்தாலும் லோன்சோ என்றுதான் கூப்பிடுவார், இவன் ஐயா என்பான். "நாட்டுல பருத்தி மிஞ்சிப்போச்சு லோன்சோ, அதான் பவுண்டு அஞ்சு சென்ட்டுக்குக் கெடக்கு. எல்லாரும் மூணுல ஒரு பங்கை உழுது அழிச்சிட்டா வெல தானா ஏறும். வாஷிங்டன்ல பெரிய படிப்பு படிச்சவங்க கணக்குப் போட்டு வெச்சிருக்காங்கப்பா." சரிங்க ஐயா, சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இவனுக்கு வாய் வந்தது, "ஏ வெர்லீன், மூணுல ஒண்ணை அழிச்சா வெல ஏறும்னா, மொத்தத்தையும் அழிச்சிட்டா நாமதான கோடீஸ்வரன்?" என்றான், சிரித்தேன், எங்கள் மகள் ரூபெல்லும் சிரித்தாள், மாவுச் சாக்கில் தைத்த பாவாடையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துச் சிரித்தாள், சாக்கில் அச்சடித்த கம்பெனிப் பெயர் எத்தனை துவைப்புக்கும் போகாமல் அவள் பின்பக்கத்தில் இருக்கிறது... பருத்தி மிஞ்சிப்போச்சாம். எங்கே மிஞ்சியது, யார் வீட்டில் மிஞ்சியது, என் பிள்ளை உடம்பில் மிஞ்சவில்லையே ஐயா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன், அலபாமாவில் என் மாதிரிக் கறுப்புப் பெண்பிள்ளை விழுங்குவது ஒன்றும் புதிதில்லை. அதுவும் போக, பணம் வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும்தான். விதைக்கும் உரத்துக்கும் ஹட்ச் கடையில் வாங்கிய கடனுக்குப் பெக்கியைத்தான் ஈடு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இலையுதிர் காலம் முடிவதற்குள் அடைக்கவில்லை என்றால் ஹட்சின் ஆள் வந்து அவளை ஓட்டிக்கொண்டு போவான், அஞ்சு சென்ட் விலையில் மொத்தப் பருத்தியை விற்றாலும் அடைபடாது, சர்க்கார் பணம் வந்தால் அடைபடும். ஆக, பெக்கி எங்களிடம் இருக்கவேண்டும் என்றால் பெக்கி இந்தச் செடியை மிதித்தாகவேண்டும். இதை அவளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? எனக்கே இன்னும் புரியவில்லை.

லோன்சோ கலப்பையைச் சாய்த்துவிட்டு வேலிப் பக்கம் போகிறான். எதற்குப் போகிறான் என்று தெரியும், பக்கத்து நிலத்துக் கிளியோட்டிஸ் நேற்றுச் சாயங்காலம் வேலியில் மாட்டிவிட்டுப் போன சாட்டை. "என்னோடது ரெண்டும் மொதல்ல சண்டித்தனம் பண்ணுச்சு, உன்னோடதும் பண்ணும். முதுகுத்தோலு உரிஞ்சதும் தங்கமா நடக்குது. நீ உன் கழுதைக்கு முத்தம் குடுத்துக்கிட்டே இருந்தா அறுவடைதான் வரும்." முத்தம் கொடுத்துப் பழக்கினவன் என்று ஊர் முழுக்க இவனுக்குப் பேர், அதில் பாதி உண்மை. பெக்கி குட்டியாக வந்த வருஷம், கல்யாணமாகி எனக்கும் அது முதல் வருஷம், கொல்லையில் குச்சிகளை வரிசை வரிசையாக நட்டு அதற்கு நடுவில் அவளை நடத்துவான், குச்சியை மிதித்தால் அதட்டமாட்டான், நிறுத்துவான், குனிந்து அந்தக் குளம்பை இரண்டு கையாலும் தூக்கிச் சாலில் வைப்பான், "இங்கன இல்ல கண்ணு, இங்கன" என்பான், மறுபடி மிதிப்பாள், மறுபடி குனிவான், நான் அடுப்படி ஜன்னலில் நின்று மக்காச்சோள மாவைப் பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன், பொறாமையாகக்கூட இருக்கும், என்னை அவன் ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை, இன்றுவரைக்கும் வெர்லீன்தான்... ஆனால் இந்த மனுஷன் கையில் நாம் பயப்படவேண்டியதில்லை என்று அந்த ஜன்னலில் நின்றபோதுதான் எனக்கு முதன்முதலாக நிம்மதி வந்தது. அதே கையில் இப்போது சாட்டை. திரும்பி வருகிறான், அதைப் பாம்பைப் பிடிப்பதுபோல உடம்புக்குத் தள்ளிப் பிடித்திருக்கிறான், முகத்தைப் பார்க்க முடியவில்லை, அடித்துவிடுவான், அடித்துவிட்டு ஒரு மாதத்துக்குச் சாப்பிடமாட்டான், எனக்குத் தெரியாதா இவனை.

"குடு அதை," என்றேன். "எதை?" "சாட்டையைத்தான், வேற எதை. நீ போய் மேழியைப் பிடி, நான் முன்னால நின்னு கூட்டிட்டுப் போறேன்." "அவ வரமாட்டா வெர்லீன்." "நான் போனா வருவா." பெரிய வீராங்கனை மாதிரி சொல்லிவிட்டேன், சாட்டையையும் வாங்கி வரப்பில் போட்டுவிட்டேன். கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டு வரிசையின் தலையில் நின்று வலது காலைத் தூக்கினால், கால் போகவில்லை, என் காலே போகவில்லை, தானாகத் திரும்பிச் சாலில் இறங்குகிறது... ஏழு வயதில் களைக்கொத்தைக் கையில் கொடுத்த அன்று அம்மா சொன்னது, ஒரு செடியை மிதிச்சா ஒரு வாய் ரொட்டியை மிதிச்ச மாதிரி, மிதித்தேன், கொத்துக் காம்பால் கெண்டைக்காலில் ஒன்று வைத்தாள், வலிக்கத்தான் வைத்தாள், அதற்கப்புறம் இருட்டில்கூட நான் மிதித்ததில்லை, வயிற்றில் ரூபெல்லைச் சுமந்துகொண்டு காலே தெரியாத காலத்திலும் மிதித்ததில்லை. அம்மா, நீ மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். காலை வைத்தேன். வெறும் பாதத்துக்கு அடியில் காய் ஒன்று நொறுங்கியது, முற்றாத பச்சைக் காய், உள்ளே ஈரப் பஞ்சு, சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, விரல் சொடுக்குவதுபோல, எனக்கு அது பல்லில் கேட்டது. இன்னொரு எட்டு, இன்னொரு காய். பெக்கி மூக்கை நீட்டி என் தோளை முகர்கிறாள், நான்தானா என்று பார்க்கிறாள், நான்தான்டி, வேறு யார், வா... முன்னங்காலைத் தூக்கிக் காற்றிலேயே வைத்திருந்தாள், பிறகு நான் மிதித்த இடத்தில் மெதுவாக வைத்தாள். பின்னால் கொழு இறங்கி வேர் அறுபடுகிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொடக், சொடக், ஒவ்வொன்றும் கேட்டது, இது ரூபெல்லுக்கு ஜன்னல் திரைக்கு, இது போர்வைக்கு, இது அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு என்று மனசு தன்பாட்டுக்குப் பங்கு பிரித்துக்கொண்டே வந்தது, அட சும்மா இரு மனசே, காயாக இருந்தபோது ஒருநாளாவது நமக்குச் சட்டை கிடைத்ததா, எல்லாம் ஹட்ச் கடைக்குத்தானே போயிற்று, இப்போது மண்ணுக்குப் போகிறது, மண்ணாவது நம்முடையது.

மத்தியானம் ரூபெல் ரொட்டியும் மோரும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவந்தாள். வாளியைக் கீழே வைக்காமலே நின்றாள், கவிழ்ந்து கிடந்த வரிசைகளையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தாள், பச்சைச் சாறு கணுக்கால் வரை. "அம்மா, நீ மிதிச்சா மட்டும் பரவாயில்லையா?" அப்பாவைக் கேள் என்றேன், அவன் ரொட்டியை மென்றுகொண்டே வானத்தைப் பார்த்தான், பிறகு "இது சர்க்கார் வேல, கண்ணு. சர்க்காருக்கு வேற மாதிரி நடக்கணும்," என்றான். ஓகோ, கழுதையும் கண்ணு, மகளும் கண்ணு. "செக் எப்ப வரும்?" என்று அவனிடம் மெதுவாகக் கேட்டேன். "வரும்." "எப்ப?" "வாஷிங்டன் ரொம்ப தூரம்ல, நடந்து வருதோ என்னவோ." சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை, என் பாதத்தைப் பார்த்துவிட்டு வாளித் தண்ணீரில் தன் கைக்குட்டையை நனைத்து என் பக்கம் தள்ளினான். நான் துடைத்துக்கொள்ளவில்லை, எப்படியும் மறுபடி ஆகத்தானே போகிறது, ஆனால் அந்தக் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், ஈரம் துணி வழியாக இறங்கியது, குளிர்ச்சியாக இருந்தது, எவ்வளவு பிடித்திருக்கிறது இந்த மனுஷனை எனக்கு, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், இந்தக் கேடுகெட்ட நாளிலும்.

மத்தியானத்துக்கு மேல் வேலை ஓடியது. பெக்கிக்கு இப்போது நான் இழுக்கவேண்டிய அவசியமே இல்லை, நான் போனால் வருகிறாள், நானும் யோசிக்கவில்லை, வெயில் கழுத்தில் இருந்தது, அப்புறம் முதுகில் இருந்தது, ரூபெல்லுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் செருப்பு, பெக்கிக்கு லாடம், டோலிவர் ஐயா நாளைக்கு வந்தால் உட்கார வைக்க இருக்கிற ஒரு நல்ல நாற்காலிக்கும் கால் ஆடுகிறது, அவர் உட்காரவா போகிறார், வண்டியை விட்டே இறங்கமாட்டார், என்னென்னவோ. கடைசி வரிசை முடிந்தபோது நாலு ஏக்கரும் உழுது போட்ட புதைகுழி மாதிரி கிடந்தது, இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, வாயைக் கழுவு... உழுத நிலம் மாதிரிதான் கிடந்தது, வசந்தத்தில் இருக்குமே அது மாதிரி, வாசனை மட்டும்தான் வேறு. முடிந்துவிட்டது. பெக்கி எங்களுடையவள். அடைபட்டுவிடும், கட்டாயம் அடைபட்டுவிடும். லோன்சோ சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான், சாட்டையைக் கிளியோட்டிஸ் வேலியில் இருந்த இடத்திலேயே மாட்டினான், தொட்டிக்குத் தண்ணீர் காட்ட நான் பெக்கியைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன், அவன் பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான், சர்ச் பாட்டுதான், காலையிலிருந்து இப்போதுதான் அவன் தொண்டை திறந்திருக்கிறது.

நடுவில் பெக்கி நின்றுவிட்டாள். கடிவாளம் இழுபட்டது. வாடி, தண்ணீர் வேண்டாமா, என்ன மறுபடி ஆரம்பித்துவிட்டாய், எல்லாம்தான் முடிந்துவிட்டதே... இழுத்தேன். அசையவில்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு காதை முன்னால் நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "சனியனே, நாளெல்லாம் வந்தியே, இப்ப என்ன வந்துச்சு உனக்கு?" என்று கத்திவிட்டேன். லோன்சோவின் பாட்டு நின்றது. "வெர்லீன்," என்றான், ரொம்ப மெதுவாக. "கீழ பாரு."

பெக்கி சாலில் நின்றுகொண்டிருந்தாள். நான் வரிசையின் மேல். இது உழவேண்டிய நிலம் இல்லை, மேற்குப் பக்கம், நாங்கள் வைத்துக்கொள்ள விட்ட பருத்தி, எனக்குப் பின்னால் தலைவரப்பு வரைக்கும் ஒரு கோடு செடி சாய்ந்து கிடந்தது, என் கால் அகலத்துக்கு. லோன்சோ சேணத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தான், திட்டுவான் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுகூட நினைத்தேன், அவன் என் முன்னால் குனிந்து உட்கார்ந்தான், என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான், செடியிலிருந்து எடுத்துச் சாலில் வைத்தான். "இங்கன இல்ல கண்ணு," என்றான், "இங்கன." அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன், தலைமுடியெல்லாம் புழுதி, அவன் எழுந்திருக்கவில்லை, சாய்ந்த செடியை நிமிர்த்தி அடியில் மண் அணைத்துக்கொண்டிருந்தான். பெக்கி காத்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்தேன், எத்தனை செடி, அத்தனையிலும் காய் இருந்திருக்கும், அத்தனையும் என் காலுக்கு அடியில்தான் நொறுங்கியிருக்கும், காலையில் ஒவ்வொன்றும் பல்லில் கேட்டதே எனக்கு... இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லையே.